"உடைக்காதீங்க!" என்று கத்தினேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாத ஞாயிறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருக்கும் நான், என் முதல் காரை வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்கு, பன்னிரண்டு வருடம் ஓடிய வெளிநாட்டு சொகுசுக் கார்! "யானையைக் கட்டித் தீனி போட நம்மால ஆகுமாங்க?" என்றாள் மனைவி. தோல் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்ட எனக்கு அது காதில் ஏறவில்லை. இன்னொரு சாவி தொலைந்துவிட்டதாக விற்றவர் சொன்னதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று பூந்தமல்லியில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டில் விருந்து. மனைவி காலையிலேயே போய்விட்டாள். மதியம், மூன்று வயது மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் நெரிசல். திடீரென்று பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஏசியும் நின்றுபோனது. ஓரம்கட்டி, பதறியடித்து இறங்கிக் கதவைச் சாத்தினேன். 'டக்'கென்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. தூங்கிக்கொண்டிருந்த மகளும் உள்ளே.

கதவை இழுத்தேன், தட்டினேன். விழித்துக்கொண்ட மகள் வீறிட்டு அழுதாள். எந்தப் பட்டனை அமுக்கச் சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அரை மணி நேரமாகும் என்றார்.

பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தவர், திரும்பிப் போய் வீல் ஸ்பானரோடு வந்தார்.

"ஐயோ, உடைக்காதீங்க! மெக்கானிக் வந்துகிட்டிருக்கார்!" என்று கத்தினேன். கண்ணாடியை மறைத்துக் கையைக்கூட நீட்டினேன்.

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். "கண்ணாடிய அப்பால வாங்கிக்கலாம் அண்ணாத்தே. உள்ள புள்ள கீது."

ஒரே அடி. முன்கதவுக் கண்ணாடி நொறுங்கியது. உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்து, மகளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். அவள் உடம்பு அனலாய்ச் சுட்டது. ஆட்டோவில் வந்த ஓர் அம்மா தன் முந்தானையை நனைத்து அவளுக்கு முகம் துடைத்துவிட்டார். என் தோளில் அவள் விசும்பல் அடங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"இன்னா அண்ணாத்தே, அழுவுற?" என்றார் டிரைவர். அவர் மணிக்கட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "புது ஆட்டோல ஒரு கோடு வுழுந்ததுக்கு நான் ரெண்டு நாளு சோறே துன்னல. ஆசப்பட்டு வாங்கினா அப்டித்தான்." ஆட்டோவில் ஆட்கள் காத்திருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் தடுத்ததையும் சேர்த்து. அவள் மகளுக்குச் சோற்றைப் பிசைந்து, "நீங்களே ஊட்டுங்க" என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

பூட்டைச் சரிசெய்து, அந்தக் காரைத்தான் இன்னமும் ஓட்டுகிறேன். ஆனால் 'பிள்ளையைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை' என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு கணம் என் கை எதைக் காப்பாற்ற நீண்டது என்று எனக்குத் தெரியும்.