சுக்குக் காப்பிப் பொடியும் சிவப்பெழுத்தும்

இரணியல் தொடர்வண்டி நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடைமுன் நிற்கிறேன். மனைவி கேட்ட சுக்குக் காப்பிப் பொடி இல்லாமல் வீடு திரும்ப இயலாது. கடைக்கார அம்மையார் வெள்ளை உறை ஒன்றை நீட்டுகிறார். அதன்மீது மெலிந்த சாம்பல் எழுத்துகள் நோயாளிகளைப்போல் கிடக்கின்றன. எழுத்துருக்களைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றும் என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

"இது போலி, அம்மா. நிழல் விழும் பருத்த சிவப்பெழுத்து உள்ள பழைய உறையே மெய்யானது" என்று நெடுநேரம் விளக்குகிறேன்.

அவர் பழைய உறையையும் எடுத்து வைக்கிறார்.

"சாரே, இதுதான் கள்ளச்சரக்காக்கும். போலி பெருகுனதுனால கம்பெனிக்காரன் அட்டைய மாத்துனான். போலிக்காரன் பழசையே வச்சிக்கிட்டான்."

"தெரிந்துமா விற்கிறீர்கள்?"

"எழுத்தப் பாத்து அடம்பிடிக்குற ஆளுவளுக்கு வச்சிருக்கேன். உங்களுக்கு எது வேணும், பொடியா எழுத்தா?"

வெள்ளை உறையைக் கண்டால் மனைவி தொடவும் மாட்டாள். சிவப்பெழுத்தின் மாண்பை ஆண்டுக்கணக்கில் அவளுக்கு ஓதியவன் நானே. ஆகவே இரண்டையும் வாங்குகிறேன்.

இப்போது நடைமேடை இருக்கையில் அமர்ந்து, போலிப் பொடியைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, மெய்ப்பொடியைச் சிவப்பெழுத்து உறைக்குள் நிரப்புகிறேன். வேட்டியெங்கும் சுக்குத்தூள். எதிரே நிற்பவர், போலி தயாரிப்பவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட களிப்பில், என்னைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.