லொயிக்கின் கரண்டிச் சத்தம்

இருபத்திரண்டு வருடம் தொலைக்காட்சிக்காகத் துப்புத் துலக்கியவள் ஒதீல். சட்டைப் பொத்தானில் கேமராவை ஒளித்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் தரை துடைத்திருக்கிறாள். மருந்துக் கம்பெனி முதலாளி ஒருவரின் காருக்குப் பின்னால் மைக்கோடு ஓடி, விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் தன்னை நம்பி வாய் திறந்த ஒருவரைக்கூட அவள் மாட்டிவிட்டதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே!

பிரான்சின் பிரெத்தாஞ் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பன்றிக்கறித் தொழிற்சாலை. கெட்டுப்போன கறியில் தேதியை மாற்றி ஒட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள், பாவிகள். அதைச் சொல்ல முன்வந்தவன் லொயிக், பத்தொன்பது வருடம் அங்கே கறி வெட்டியவன். அவன் வீட்டுச் சமையலறையில் பேட்டி நடந்தது.

"நான்தான்னு தெரிஞ்சா அவ்வளவுதான் மேடம். நானூறு குடும்பம் அந்த ஃபேக்டரிய நம்பித்தான் இருக்கு."

"முகத்த மங்கலாக்கிடுவோம், குரல மாத்திடுவோம். உங்களப் பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது."

அவன் மனைவி மார்ஸெல் காபி ஊற்றி வைத்தாள். லொயிக் கிண்ணத்துக் காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினான். கரண்டியைக் கிண்ண விளிம்பில் மூன்று முறை தட்டினான், சற்று நிறுத்தி இன்னொரு முறை. கை நடுங்கியது.

படத்தை வெட்டி ஒட்டும் பாஸ்கால் கேட்டான். "அந்தக் கை ஷாட் வேணுமா ஒதீல்?"

"கையில பேரா எழுதி ஒட்டியிருக்கு? விடுப்பா. அவன் பயம் மொத்தமும் அந்தப் பத்து செகண்ட்ல இருக்கு."

இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்? கரண்டிச் சத்தத்தையும் அப்படியே விட்டார்கள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் காலை, ஒன்பது மணி இடைவேளைக்கு லொயிக் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்தான். யாரோ ஒருவன் கரண்டியால் கிண்ணத்தில் தட்டினான். மூன்று, பிறகு ஒன்று. அடுத்த மேசையும் தட்டியது. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தட்டியது. பத்தொன்பது வருடம் கூட உட்கார்ந்து காபி குடித்தவர்களுக்கு முகம் எதற்கு?

பத்து நாளில் தொழிற்சாலையை அரசு மூடியது. லொயிக்கின் கார் டயரைக் கிழித்தார்கள். ரொட்டிக் கடையில் அவன் முறை வந்தால் கடைக்காரி உள்ளே போய்விடுவாள். நான்காம் மாதம் அவனை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அதே வாரம் ஒதீலின் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அவள் போய் வாங்கவும் செய்தாள்.

சவ அடக்கம் முடிந்த பிறகுதான் அவளுக்கு அந்த வீட்டுக்கு வர தைரியம் வந்தது. மார்ஸெல் கதவைத் திறந்தாள், திட்டவில்லை. அதே மேசையில் உட்கார வைத்துக் காபி ஊற்றினாள். லொயிக்கின் கிண்ணம்.

"மூஞ்சிய மறைச்சீங்க, குரல மாத்துனீங்க. கைய மட்டும் ஏங்க விட்டீங்க?"

ஒதீலுக்கு ஆயிரம் பதில் சொல்லத் தெரியும். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நல்லா இருந்துச்சு."

"ஆமா," என்றாள் மார்ஸெல். "நல்லாத்தான் இருந்துச்சு. நானும் டிவியில பாத்தேன். பாத்தவொடனே அவர்தான்னு தெரிஞ்சிடுச்சு."

சர்க்கரை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். ஒதீல் கரண்டியைத் தொடவில்லை.