வெட்டாத கேபிள்

அன்ரன் அந்தக் கேபிளை வெட்டவில்லை. வெட்டினான் என்று சொன்னவன் நான். பொய்யென்று அறிந்தே சொன்னேன்!

இணைய இணைப்பு அறுந்தால், பழுதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொடுப்பது என் தொழில். அன்று தொண்டைமானாற்றில் ஒரு குறிச்சி முழுவதற்கும் இணைப்பு இல்லை. அங்கே ஒரு செத்தவீடு. இறந்த தாயின் ஒரே மகன் கனடாவில், வர வழியில்லாதவன். திரையிலாவது தாயின் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தான். அந்தப் பக்கம் கைத்தொலைபேசியில் குரல்தான் எடுபடும், படம் நகராது.

வீதியோரத்து இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மழைத்தண்ணீர்! கண்ணாடி இழைகள் ஊறிப் பழுதாகிக் கிடந்தன. மூடியில் றப்பர் வளையம் இல்லை... எப்படி இருக்கும்? முன்பு வந்தபோது அதைப் போடாமல் மூடிச் சென்றவன் நானல்லவா! தூறல் தொடங்கியிருந்தது, பசித்தது... அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற மனமில்லை.

இறந்தவரின் தம்பி ஓடிவந்தார்.

"இனிப் பிந்தேலாது தம்பி, எடுக்கப்போறம். பெடியன் போனிலை குழறுறான். ஆர் செய்த வேலை உது?"

சற்றுத் தள்ளி, தண்ணீர்க் குழாய் புதைக்க ஒரு பெக்கோ இயந்திரம் மண் கிண்டிக்கொண்டிருந்தது. என் கை தானாக உயர்ந்தது.

"உவன்தான் வெட்டிப்போட்டான்."

அவர் போய்ச் சாரதியை இழுத்து இறக்கி அறைந்தார். குருநகர் அன்ரன், என் வயதுக்காரன்.

"ஐயோ அண்ணை, நான் கேபிளைக் காணவே இல்லை!"

சொன்னது அவரிடம், பார்த்தது என்னை. நான் குனிந்து இழைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இணைப்பு மீண்டபோது பாடை போய்விட்டது. மகன் கண்டது வெறும் பந்தலையும் கதிரைகளையும்.

அன்ரனுக்கு வேலை போயிற்று. எனக்கு? விரைந்து சரிசெய்தேன் என்று பாராட்டு! சிரிப்பு வருகிறதா உங்களுக்கு?

அண்மையில் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அன்ரன் என்னைக் கண்டு கிட்ட வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்...

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். தெரியாமல் நான்தான் வெட்டியிருப்பன் போல. அந்தப் பிள்ளை தாயின்ரை முகத்தைக் காணேல்லை எல்லோ... ஒருக்கா மன்னிப்புக் கேக்கவேணும். அவரின்ரை நம்பர் எடுத்துத் தருவியளோ?"

செய்யாததைச் செய்ததாக அவனே நம்பிவிட்டான்! அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"ஓம், எடுத்துத் தாறன்" என்றது அந்த வாய்.

எடுத்துக் கொடுத்தேன். நேற்று அன்ரன் என்னை அழைத்தான். கனடாக்காரர் மன்னித்துவிட்டாராம். விம்மி விம்மி எனக்கு நன்றி சொன்னான்...

எனக்கு!