கையுறைக்குள் இருந்த சூடு

இது நடந்தது. தேதி, மணி, சாட்சி எல்லாம் இருக்கிறது. நடந்தது ஒரு குடிகாரனுக்கோ, பயந்தாங்கொள்ளிக்கோ இல்லை. பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே மூக்கைச் சுளிக்கிற ஒரு விஞ்ஞானிக்கு. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவருக்கே முழுசாக விளங்க நாலு நாள் ஆனது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மேடைக்காரர். கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதைப் பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் மேடையில் இவர் இருப்பார். "மனித குலத்துக்கே ஆபத்து" என்று ஆரம்பித்து வாய் கிழியப் பேசுவார். ஆனால் கிருமி வளர்க்கும் தட்டை அவர் தன் கையால் தொட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தொடுவதற்கு வேறு ஆள் இருந்தார். லேப் அக்கா.

அக்கா அங்கே இருபது வருஷமாக டெக்னீஷியன். தட்டில் கிருமியைப் பூசுவார். நடுவில் மருந்து வில்லையை வைப்பார். இரண்டு நாள் கழித்து, வில்லையைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டருக்குக் கிருமி வளராமல் தெளிவாக இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். வளையம் பெரிதாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. வளையமே இல்லை என்றால் அந்தக் கிருமிக்கு அந்த மருந்தும் தண்ணீரும் ஒன்று. இந்த அளவுகளை வைத்துத்தான் மேடைக்காரர் நாற்பது கட்டுரை எழுதிப் பெரிய ஆளானார். ஒரு கட்டுரையிலாவது அக்கா பெயர் இருக்குமா என்றால், அதுதான் கிடையாது.

அவருடைய புது மருந்து ஒன்று அப்போது ஆஸ்பத்திரியில் சோதனையில் இருந்தது. நூறு கிருமி மாதிரிகளில் நூறையும் அடக்கியது என்று கட்டுரை சொன்னது. உண்மையில் மாதிரிகள் நூற்றியொன்று. ஒரு தட்டில் வளையம் விழவில்லை. அக்கா அதை அவர் மேசைக்கே கொண்டுவந்தார்.

"சார், இது வளருது."

"உன் கை சரியில்லம்மா."

"மூணு தடவை போட்டேன் சார். மூணு தடவையும் வளருது."

"உனக்குக் குடுத்த வேலையப் பாரு. யோசிக்கிற வேலைக்கு நான் இருக்கேன்."

தட்டு குப்பைக்குப் போனது. கட்டுரை வெளிவந்தது. மேடைக்காரருக்கு மாலை விழுந்தது.

வயிற்றில் ஆபரேஷன் என்று அக்கா லீவு எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மேடைக்காரர் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லீவு நீண்டுகொண்டே போகிறதே என்று எரிச்சல்பட்டார், அவ்வளவுதான். இதற்கிடையில் அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டு மாதிரிகள் வந்தன. நோயாளியின் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். ஆராய்ச்சி விதி அப்படி. ஒரு மாணவி மதியம் இரண்டு மணிக்கு அவற்றைத் தட்டுகளில் பூசிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிறு இரண்டு மணிக்கு அளக்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஐயாவே கிளம்பினார்.

கிளம்பும்போது வார்டு டாக்டரம்மா போன் செய்தார். மணி 1:40.

"சார், ஐம்பத்தெட்டாம் நம்பருக்கு ரெண்டு நாளா உங்க மருந்துதான் போடுறோம். ஜுரம் எறங்கல. மூணு மணிக்கு அடுத்த ஊசி. அதையே போடவா, பழைய மருந்துக்கு மாத்தவா?"

"அளந்துட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் சார். ரொம்ப மோசமா இருக்காங்க."

1:55. கட்டிடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பூட்டைத் திறந்து, இரண்டாவது மாடி ஏறி, கடைசி அறைக்குள் போனார். ஃப்ரிட்ஜ்களின் 'ங்ங்ங்' சத்தம் மட்டும். வெளியே நல்ல வெயில்.

அந்தக் கிருமிகள் காற்றுப் பட்டால் செத்துவிடும். அதனால் அவற்றை ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். காற்றுக்குப் பதில் உள்ளே வேறு வாயு. பெட்டியின் முன்பக்கம் இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் தோள்வரை நீண்ட கறுப்பு ரப்பர் கையுறை. வெளியே நின்றபடி அதற்குள் கையை விட்டுத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். யாரும் கை விடாதபோது உள்ளே இருக்கும் வாயு அந்தக் கையுறைகளை வெளியே தள்ளிவிடும். அவை ஊதிப்போய், விறைத்து, நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். எப்போதும் அப்படித்தான்.

அன்றைக்கு இரண்டும் உள்ளே இருந்தன.

முழங்கை மடிந்திருந்தது. விரல்கள் தட்டுகளின் மேல் கவிந்திருந்தன. யாரோ வேலையின் நடுவில் தலை நிமிர்ந்து பார்ப்பதுபோல.

ஸ்ஸ்ஸ்… 

மெதுவாக இரண்டும் வெளியே வந்து விறைத்து நின்றன. மணி 1:58.

'வாயு குறைஞ்சிருக்கும்' என்று சொல்லிக்கொண்டார். மீட்டரைப் பார்த்தார். வாயு குறையவில்லை. சரி, மீட்டர் பழுது. படித்தவருக்கு ஒரு காரணம் கிடைக்காமலா போகும்!

போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு மேசையில் வைத்தார். அளவுகளை வாயால் சொல்லிக்கொண்டே போகலாம் என்று திட்டம். இரண்டு கைகளையும் கையுறைக்குள் விட்டார்.

உள்ளே சூடாக இருந்தது.

சூடு மட்டுமில்லை… ஈரம். வியர்வை ஈரம். சற்றுமுன் யாரோ கையை உருவிக்கொண்டதுபோல.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, அருவருப்பு. 'எவளோ சுத்தம் பண்ணாம போயிருக்கா' என்று மாணவியைத் திட்டினார். மாணவி போய் நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது என்பது அந்த மூளையில் ஏறவில்லை.

முதல் தட்டு. ஸ்கேலை வைத்தார். "பதினெட்டு" என்றார்.

வலது கை தானாக நகர்ந்தது. ஸ்கேல் வளையத்தின் சரியான நடுவுக்குப் போய் நின்றது. இருபத்தொன்று.

பழக்கம் விட்டுப்போய்க் கை நடுங்குகிறது என்று நினைத்தார். "இருபத்தொன்று" என்று திருத்திச் சொன்னார். இரண்டாவது பத்தொன்பது. மூன்றாவது இருபத்துமூன்று. ஒவ்வொரு தட்டிலும் அவர் ஏனோதானோ என்று வைக்க, கை அதைச் சரிசெய்தது. ஐந்தாவது தட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தன் கை செய்வதில்லை. கையுறை விரல்கள் இறுக்கமாக இருந்தன. ஒரு விரலுக்கான இடத்தில் இரண்டு விரல் இருப்பதுபோல.

அப்போதே கையை உருவியிருக்கலாம். உருவவில்லை. அளவுகள் நன்றாக வந்துகொண்டிருந்தன. இவருடைய மருந்து வேலை செய்கிறது! அந்த ஆசைக்கு முன்னால் பயம் எம்மாத்திரம்?

2:31. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது தட்டைத் திருப்பினார். நம்பர் 58.

வளையம் இல்லை.

வில்லையின் விளிம்புவரை மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது. ஸ்கேலே தேவையில்லை. பூஜ்யம்.

அவர் வாயைத் திறக்கவில்லை. போன் ஓடிக்கொண்டிருக்கிறதே. நூற்றுக்கு நூறு என்று ஊரெல்லாம் சொன்ன வாய் அது. மெதுவாகத் தட்டை எடுத்து, பெட்டிக்குள் இருந்த குப்பைப் பையை நோக்கி நகர்த்தினார்.

கை நின்றது.

இழுத்தார். வரவில்லை.

கையுறைக்குள்… அவர் விரல்களுக்கு இடையில்… வேறு விரல்கள் நுழைந்தன. சூடான விரல்கள். மெலிந்தவை. அவை அவர் கையை அப்படியே கொண்டுபோய்த் தட்டைப் பழைய இடத்திலேயே வைத்தன.

சுட்டுவிரலைப் பிடித்து வில்லையின் மேல் வைத்து அழுத்தின.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

"யாரு…?"

மூன்று தடவை.

"விடு… விடு…!"

பிடி இறுகியது. எலும்பு 'நறுக்' என்றது. காலால் பெட்டியை உதைத்து…

விட்டது.

தரையில் விழுந்தார். மணி 2:39.

கையுறைகள் வெளியே வந்து நின்றன. பிறகு…

வலது கையுறை மட்டும் திரும்ப உள்ளே போனது.

ஓடினார். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்றது. அதை எடுக்கவில்லை. எப்படியோ போனை மட்டும் மறக்காமல் எடுத்திருந்தார். காருக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கி நிற்கும்போது அது அடித்தது. 2:46.

"சார், ஐம்பத்தெட்டு என்ன ஆச்சு? போடவா, மாத்தவா?"

இந்த இடத்தில் எந்த மனுஷனும் உண்மையைச் சொல்லியிருப்பான். பேயே வந்து கையைப் பிடித்து, விரலை வைத்துக் காட்டியிருக்கிறது.

"இருபது மில்லிமீட்டர். நல்லா வேலை செய்யுது. அதையே போடுங்க."

இவர் அப்படிப்பட்ட ஜென்மம்.

மறுநாள் லேப் அக்கா இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. "நேத்தே போயிட்டாங்களாம்" என்றான் ஆபீஸ் ஆள். அதைக் கேட்டதும் மேடைக்காரருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. வந்தது செத்துப்போன அக்கா. கொஞ்சம் நிம்மதிகூட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செத்தவள் வந்து என்ன செய்துவிட முடியும்? யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? இரங்கல் கடிதத்தில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விரல்கள் வீங்கியிருந்ததால் கையெழுத்து சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை காலை 11:20. அக்காவின் கணவர் வந்தார். கையில் மடித்த காகிதம்.

"ஒக்காருங்க. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு…?"

"ஞாயித்துக்கிழமை இல்ல சார். திங்கக்கிழம விடியக்காலம் நாலரை மணிக்குத்தான் உயிர் போச்சு."

மேடைக்காரர் வீங்கிய விரல்களை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"சனிக்கிழமைல இருந்தே நெனவில்ல சார். ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வலது கை மட்டும் போர்வை மேல எதையோ அளக்குற மாதிரி நகந்துச்சாம். நர்ஸம்மா பேனாவ புடிக்க வெச்சுருக்காங்க. கண்ணு தொறக்காமலே எழுதியிருக்கா. ஜுர வேகம்னு யாரும் பெருசா எடுத்துக்கலயாம். உங்க வேலை சம்பந்தமா இருக்கும்னுதான் கொண்டாந்தேன்."

காகிதத்தைப் பிரித்தார். உச்சியில் ஆஸ்பத்திரி முத்திரை. அதற்குக் கீழே, நோயாளியின் ஆராய்ச்சி எண் 58.

அக்காவின் கையெழுத்து. பன்னிரண்டு வரிகள். பக்கத்தில் நர்ஸ் மணியைக் குறித்திருந்தார். இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்துமூன்று… போனில் ஞாயிற்றுக்கிழமைப் பதிவை ஓடவிட்டார். அவர் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. மணியும் மாறவில்லை. பதினொன்றுக்குப் பிறகு போனில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தோடு நிறுத்தினார். காகிதத்தில் பன்னிரண்டாவது வரி இருந்தது.

பூஜ்யம்.

அதற்கும் கீழே ஒரு வரி. மணி 2:39.

'சார், 58-க்கு இந்த மருந்து கேக்காது. டாக்டரம்மாகிட்ட உடனே சொல்லிடுங்க.'

"அளவெல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கேட்டார் கணவர்.

"…சரியா இருக்கு."

"அவ எப்பவும் சரியாத்தான் சார் போடுவா." அவர் எழுந்து கும்பிட்டார். "மூணு மணி ஊசிகூட நீங்க சொல்லித்தான் போட்டாங்களாம். ஞாயித்துக்கிழமையும் பாக்காம வந்து அளந்தீங்களாமே. ரொம்ப நன்றி சார்."