கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டு

பஸ் டிப்போவில் அவளை எல்லோரும் மணியக்கா என்பார்கள். அவள் பெயரில் மணி எங்கும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக வாசல் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிறாளே, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். தாமதமாக வரும் டிரைவரை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள், அவ்வளவுதான். அதற்கே ஆளுக்கு வியர்த்துவிடும்.

இப்படிப்பட்டவளுக்கு முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் நடந்ததென்றால் அதற்குக் காரணம் ஒரு புத்தகம். கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒருவர், விடுமுறையில் வந்தவர், பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் புத்தகத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வண்டி அவரை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு போய்விட்டது. மனுஷன் நேரே கூண்டுக்கு வந்து நின்றார்.

“இடம் பிடிக்கத் துண்டு போடுவாங்க, கர்சீஃப் போடுவாங்க. புத்தகத்தையா போடுவாங்க?” என்றாள்.

“என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதாங்க.”

மாலை வண்டியில் புத்தகம் திரும்பி வந்தது. மறுநாள் அவர் மறுபடி வந்தார், தொலைக்க ஒன்றும் இல்லாமலே. கல்யாணத்துக்குப் பிறகு, படித்த பக்கத்தில் அடையாளம் வைப்பதற்கு அந்த வீட்டில் ‘துண்டு போடுவது’ என்றே பெயராகிவிட்டது.

இந்த முறை கப்பல் ஒன்பது மாதம். போகும் முன் தடியான நாவல் ஒன்றை மின்புத்தகமாக வாங்கித் தன் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டார். “நான் ஓரத்துல எழுதிட்டே போறேன். கப்பல்ல நெட் கிடைக்கிறப்ப உனக்கு வந்து சேர்ந்துடும். நீ லேப்டாப்ல என் கணக்குல திறந்து பின்னாலயே வா” என்றார். போனில் வாரத்துக்கு ஐந்து நிமிடம் பேசலாம். அதில் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே பாதி கரைந்துவிடும். ஆக, ஒன்பது மாதத்துக்கு அவளுக்குப் புருஷன் என்றால் அந்த ஓரம்தான்.

லேப்டாப்போ விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடுவது. டிப்போவில் டிக்கெட் மெஷின் பழுதுபார்க்கிறவர் போட்டுக் கொடுத்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிற மனிதர், லினக்ஸின் பென்குவின் சின்னத்தை டிபன் பாக்ஸில்கூட ஒட்டி வைத்திருப்பதால் பென்குவின் என்று பட்டப்பெயர். புத்தகக் கடையின் செயலி லினக்ஸில் ஏறாது என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. அவளுடைய போனிலும் ஏறவில்லை. அந்தப் போன் பேசுவதே பெரிய விஷயம்.

பென்குவினுக்கு ரோஷம் வந்துவிட்டது. “விண்டோஸ் செயலிய இதுல ஏமாத்தி ஓட வைக்கலாம்மா.” மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து ஏமாற்றினார். செயலி திறக்கும், புத்தகம் திறக்காது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவார். ஆறாவது தடவை திறந்தது.

ஓரம் முழுக்க அவர் இருந்தார். “இவன் பொய் சொல்றான் பாரு.” “இந்த அம்மா அப்படியே உங்க சித்தி.” “இங்க நாலு பக்கமா மழை. கப்பல்லயும் மழை. உன் கூண்டு ஒழுகுதா?” மூன்று மாதப் பேச்சு அங்கே சேர்ந்து கிடந்தது. தீர்ந்துவிடுமே என்று பயந்து நாளுக்குப் பத்துப் பக்கம் மட்டுமே படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவர், “புத்தகத்தக் காணோம். ‘இந்தக் கருவி உங்கள் கணக்கில் இல்லை’ன்னு வருது” என்றார்.

கடைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. ஒரு கணக்குக்கு ஆறு கருவிதான். பென்குவின் துடைத்துப் போட்ட ஒவ்வொரு தடவையையும் கடை புதுக் கருவி என்று எண்ணியிருக்கிறது. ஏழாவது வந்ததும் ஆகப் பழையதை, கடலில் இருந்த டேப்லெட்டை, இறக்கிவிட்டது.

“அந்தப் பழைய அஞ்சுல ஒண்ண எடுத்துட்டா போச்சு, அண்ணா.”

“அந்தந்தக் கருவியில இருந்துதான் எடுக்க முடியும்னு சொல்றாங்கம்மா. அஞ்சையும் நான்தான் துடைச்சுட்டேனே.” பென்குவின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உயிரோட இருக்கிறது உங்களோடது ஒண்ணுதான். அத எடுத்தாதான் அவருக்கு இடம். இல்லன்னா, கடைக்காரன் புத்தகத்துக்குப் போட்ட பூட்ட உடைக்க வழி இருக்கு. புத்தகம் வரும். ஓரத்துல எழுதினது கடைக்காரன்கிட்ட இருக்கு, அது வராது.”

“வெறும் புத்தகத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. அங்கே அவருக்குச் சுற்றிலும் தண்ணீர், அடுப்பு வேலை முடிந்தால் அந்தப் புத்தகம்தான் கதி. எல்லாம் தெரியும். தெரிந்தும், வருகிற ஞாயிறு வரை நான் வைத்துக்கொள்கிறேனே என்று சின்னப் பிள்ளை மாதிரி தனக்குத்தானே கெஞ்சிக்கொண்டாள். அவர் எழுதியதைக் காப்பி எடுக்கச் செயலி விடவில்லை, பிரிண்டும் விடவில்லை. பழைய பஸ் அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில், வண்டி வராத நேரமாகப் பார்த்துப் பேனாவால் எழுதினாள். பதினேழு தாள் ஆயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் நாவலின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நடுவில் கதை என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. அந்த ஓரத்தில் முதல் தடவையாக எழுதினாள்: “துண்டு போட்டு வச்சிருக்கேன். மெதுவா வாங்க.” பிறகு கணக்கிலிருந்து தன் கருவியை நீக்கினாள்.

மறுநாள் அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. “திறந்துடுச்சு. இன்னும் இருநூறு பக்கம் இருக்கு. நீ எங்க இருக்க, பின்னால வர்றியா?”

பதினேழு தாளும் அவள் மடியில் இருந்தன.

“இல்ல. நான் உங்களுக்கு முன்னாடி போயிட்டேன்.”

“கேக்கல. எங்க இருக்கேன்னு சொன்ன?”

லைன் போய்விட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், “முன்னாடி இருக்கேன். வாங்க” என்று இன்னொரு தடவை சொன்னாள்.