நிறுத்தினால் கிளம்பாத லாரி

1991 கத்திரி வெயிலில் நான் ஒரு முதலாளியின் பழைய டீசல் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரகடம் பக்கத்துக் குவாரியில் ஜல்லி ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விடியற்காலையில் மூன்றாவது கியரில் ஏறும் மேட்டில், உச்சி வெயிலில் அதே லோடோடு இரண்டாவதில்கூட முக்கும். சூட்டில் காற்று மெலிந்து இழுவை போய்விடும், கரும்புகைதான் மிச்சம். ரேடியேட்டரில் குவாரித் தூசு அப்பிக்கிடந்தது. போதாததற்கு, இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் வேலை செய்யவில்லை. இறக்கத்தில் உருட்டித்தான் கிளப்புவேன். சமதரையில் அணைத்தால் தீர்ந்தது.

ஒரு நாள் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். எட்டாவது மாதம். செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டில் விட வேண்டும். பஸ்ஸில் நசுங்குவதைவிட இது மேல் என்று சொன்னது நான்தான்.

கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் லாரிகள். காற்று அசையவில்லை. ஒரு ரயில் போனது; கேட் திறக்கவில்லை. சூடு காட்டும் முள் மெல்லச் சிவப்புக்கு ஏறியது. எங்கள் இருவருக்கும் நடுவே அனலடிக்கும் இன்ஜின் மூடிமேல் போட்டிருந்த ஈரச் சாக்கு எப்போதோ காய்ந்துவிட்டது. அணைத்தால் கிளம்பாது, அணைக்காவிட்டால் இன்ஜின் போய்விடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, கண்ண இருட்டிக்கினு வருது" என்றாள்.

அவள் உதடு வெளுத்திருந்தது. இறங்கச் சொல்லவும் வழியில்லை; அவள் பக்கத்துக் கதவின் பூட்டு உடைந்திருந்ததால் கயிற்றால் கட்டியிருந்தேன்.

ஸ்டாப் கம்பியை இழுத்தேன். இன்ஜின் குலுங்கி அடங்கியது. அடுத்த நிமிஷமே கேட் திறந்தது.

டிராக்டர் போய்விட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. பின்லாரி டிரைவர், நடுத்தர வயதுக்காரர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், கேட்டு தொறந்துகீதுல்ல? வண்டிய எடுய்யா!"

"செல்ஃப் போச்சுண்ணே. கொதிச்சிடுச்சி. வூட்டுக்காரி உள்ள மயங்குறா."

எட்டிப் பார்த்தவர் திட்டுவதை நிறுத்தினார். தன் தண்ணீர் டின்னில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்துவிட்டு, "மொதல்ல அத எறக்குய்யா" என்றார். என் விரல்களுக்குக் கயிற்று முடிச்சு பிடிபடவில்லை. அவர்தான் பல்லால் இழுத்து அவிழ்த்தார். இருவரும் தாங்கி இறக்கி, கேட் கீப்பர் அறை நிழலில் உட்கார வைத்தோம்.

அவசரத்தில் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். "மூஞ்சி வெந்துடும், வுடு!" என்று என்னைப் பின்னால் இழுத்தார். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் விரிசல் விடும் என்று எனக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் சும்மா நின்றோம். அதற்குள் கேட் இரண்டு முறை மூடித் திறந்தது. எதிரில் வழி கிடைத்தபோதெல்லாம் பின்னாலிருந்த வண்டிகள் என்னை ஒதுங்கிக் கடந்தன. ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை.

சூடு தணிந்ததும் கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். அவர் தன் லாரியால் என் லாரியின் முதுகை முட்டித் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். கிளம்பியது. தண்டவாளம் தாண்டி, ஓடும் இன்ஜினோடு அவளை ஏற்றிக்கொண்டேன்.

செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டு வாசலில், இன்ஜினை ஓடவிட்டே நிறுத்தினேன். இறங்கும்போது, "நாளிக்கும் இதே வண்டியா?" என்றாள்.

"வேற வேலைக்கு எங்க போறது?" என்றேன்.

மகள் அடுத்த மாதம் நல்லபடியாகப் பிறந்தாள். மழை பிடித்த பிறகுதான் முதலாளி செல்ஃபை மாற்றினார். அதுவரை நான்தான் ஓட்டினேன்.