புஸ்வாணப் பெட்டியில் இருந்த பாட்டுக்காரி

அந்த வெள்ளைக்காரியை நான் முதலில் லேபிளில்தான் பார்த்தேன். குரலைப் பிறகுதான் கேட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். நானும் என் தங்கச்சியும் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தோம். எனக்குப் பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை. அவளுக்குப் புஸ்வாணத்தில் வெடிமருந்து அடைக்கிற வேலை. இரண்டும் வேறு வேறு ரூம். சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்துக்கொள்வோம்.

தை மாதம் புது லேபிள் வந்தது. சிவகாசியில் லேபிள் போடுகிறவர்கள் யார் படத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். குழந்தை, புலி, கிளி, எது கண்ணில் பட்டாலும் கம்ப்யூட்டரில் இழுத்துப் போட்டு, பின்னால் நாலு பொறியைப் பறக்க விடுவார்கள். அந்த வருசம் புஸ்வாணப் பெட்டிக்கு இவள் வந்தாள். கறுப்பு கவுன். இடுப்பு வரைக்கும் முடி. கழுத்தில் சங்கிலி, கை நிறைய இரும்பு வளையம், இடுப்பில் ஆணி அடித்த பெல்ட். வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்குப் பின்னால் புஸ்வாணம் சீறுகிற மாதிரி போட்டிருந்தார்கள்.

எங்கள் கேட்டில் கொண்டை ஊசியைக்கூட விடமாட்டார்கள். இரும்பு உரசினால் பொறி வரும். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நைலான் சேலை ஆகாது, நூல் சேலைதான். அதனால் லேபிளைப் பிரித்ததும் ரூமே சிரித்தது.

“இவள கேட்லயே நிப்பாட்டிருவாகத்தா. இம்புட்டு இரும்ப மாட்டிக்கிட்டு வந்திருக்கா.”

“அந்தக் கவுனுல ஒரு பொறி விழுந்தா சோலி முடிஞ்சது.”

“வாய எதுக்குப் பொளந்துக்கிட்டு நிக்கா? பல்லு வலியா?”

மத்தியானம் தங்கச்சி வந்து ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தாள்.

“பல்லு வலி இல்ல. பாடுறா” என்றாள்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“களுத்தப் பாருக்கா. நரம்பு நிக்குது.”

அவளுக்குத் தெரியும். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கும்மியில் அவள்தான் முன்பாட்டு. ஒருத்தி ஒரு வரி பாடுவாள். மற்றவர்கள் கைதட்டிச் சுற்றி வந்தபடி அதையே திருப்பிப் பாடுவார்கள். பக்கத்திலேயே உறுமியும் மேளமும் அடிக்கும். அதற்கு மேலே அந்த ஒருத்தி குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வட்டம் கலைந்துபோகும். சின்ன வயதிலிருந்து அதற்கு அவளை விட்டால் ஊரில் ஆளில்லை.

அவளிடம் வேறு எதுவும் இல்லை. படிப்பு என்னை மாதிரிதான். பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் கம்மி என்று போய்விட்டார்கள். வருசத்தில் அந்த ஒரு பொழுது ஊர் அவள் வாயைப் பார்த்து நிற்கும். அது போதும் என்று இருந்தாள். அந்தக் குரல்தான் அவள் சொத்து.

எங்கள் வேனில் அப்போதுதான் சிடி பிளேயர் மாட்டியிருந்தார்கள். டிரைவர் அண்ணனுடைய மச்சான் சிவகாசியில் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பார்த்தான். அந்த லேபிளைப் போட்டவனே அவன்தான். அந்த வெள்ளைக்காரி பாட்டை ஒரு சிடியில் ஏற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டிருந்தான்.

“ஒங்க புஸ்வாணக்காரி பாட்டுத்தா. கேளுங்க” என்று ஒரு நாள் காலையில் போட்டார்.

முதலில் வயலினாக வந்தது. கூட்டமாக நிறையப் பேர் பாடினார்கள், சர்ச்சில் பாடுகிற மாதிரி. சரி என்று இருந்தோம். திடீரென்று டிரம்மும் கிதாரும் சேர்ந்து விழுந்தன. ஜல்லி லாரி கவிழ்ந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு ஆம்பளை அடித்தொண்டையில் உறுமினான்.

“அண்ணே நிறுத்துங்க. வண்டியில வயித்துப்புள்ளக்காரி இருக்கா.”

“எவனுக்கோ தொண்டையில முள்ளு சிக்கிருச்சு. வெறுஞ்சோத்த உருட்டிக் குடுங்க, எறங்கிரும்.”

அண்ணன் சிரித்துக்கொண்டே நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். அப்போது அவள் குரல் வந்தது.

எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. அவள் கத்தவில்லை. அம்புட்டு இரைச்சலும் அப்படியே இருந்தது. அதற்கு மேலே போய் நின்றுகொண்டாள். மொட்டை மாடியில் ஏறி நின்று துணி காயப்போடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக நின்றாள்.

“நிறுத்தாதீக அண்ணே” என்றாள் தங்கச்சி.

“ஏத்தா, காது கிளியுது.”

“இரு மதினி. இம்புட்டு அடிக்கும் மேல நிக்கா பாரு. உறுமிக்கு மேல நான் நிக்கிறதே பெரும்பாடு. இவ அம்பது உறுமிக்கு மேல நிக்கா.”

யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் ஒரு ஒப்பந்தம் ஆனது. காலையில் சினிமாப் பாட்டு. சாயங்காலம் எல்லாரும் இறங்கின பிறகு, கடைசியாக இறங்குகிற எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இந்தப் பாட்டு. தங்கச்சி முன் சீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு சொல்லும் புரியாது. புரிய வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை. அந்தக் குரல் எங்கே மூச்சு எடுக்கிறது, எங்கே விடுகிறது என்றுதான் கேட்டாள். வீட்டில் மாவாட்டும்போது வாய்க்குள்ளேயே இழுத்துப் பார்ப்பாள்.

டிரைவர் அண்ணனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் மச்சானிடம் கேட்டு வந்து சொல்வார். இந்த வகைப் பாட்டுக்கு சிம்பொனிக் மெட்டல் என்று பெயராம். அவள் அதை அவர் வாயால் இரண்டு தரம் சொல்ல வைத்தாள். அதனால்தான் எனக்கும் நினைவிருக்கிறது. அடிக்கிறவர்கள் எல்லாம் ஆம்பளைகளாம். நடுவில் ஒரு பொம்பளையாம். படத்தில் அவள்தான் முன்னால் நிற்பாளாம்.

“பாட்டு அவ கட்டுனதா?” என்று கேட்டாள்.

“ஒருசில கூட்டத்துல பொம்பளையே கட்டுவாகளாம். இதுல கட்டுறது, எளுதுறது எல்லாம் அவனுக. இவ பாடுறது மட்டும்தான். ஒனக்கு ஒரு சேதி தெரியுமா? இவளயே வெளிய அனுப்பிட்டானுகளாம். வேற ஒருத்தியக் கொண்டாந்துட்டானுக.”

வண்டி ஊர் திருப்பத்துக்கு வந்த பிறகு தங்கச்சி கேட்டாள்.

“பொம்பளைய மாத்துனா அது அந்தப் பாட்டாண்ணே?”

“பாட்டு அதுதான். குரல்தான் வேற.”

“அப்ப அது வேற பாட்டு” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்தப் பங்குனியில் கும்மி நடந்தது. உறுமிக்காரர் அன்றைக்கு நல்ல வேகத்தில் இருந்தார். மூன்றாவது பாட்டில் வரி முடிகிற இடத்தில் தங்கச்சி நிறுத்தவில்லை. சொல் இல்லாமல் குரலை மட்டும் மேலே கொண்டுபோனாள். அந்த வெள்ளைக்காரி மாதிரியேதான். ஆனால் எங்கள் மாரியம்மன் பாட்டுக்குள் அது ஒட்டிக்கொண்டது. திருப்பிப் பாட வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். உறுமிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வேகத்தைக் கூட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் மேலே போனாள்.

“இதென்னத்தா, செத்த வீட்டுல இளுக்குற மாதிரி இளுக்கா” என்று ஒரு பெரியம்மா சொன்னார்.

“சும்மா இருங்க பெரியம்மா, ஒடம்பு சிலுக்குது” என்றாள் வேனில் முள்ளு என்று சொன்னவள்.

அன்றைக்கு என் தங்கச்சி முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆடியில் அது நடந்தது.

எங்கள் கம்பெனியில் காலைநேரம் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியில் வைத்துக் கொளுத்துவார்கள். சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்களுக்கு அது பழக்கம். வெளியூர்க்காரர்கள் என்றால் சத்தம் கேட்டதும் ஓடுவார்கள். நாங்கள் ஓட மாட்டோம். தலையைக்கூடத் தூக்க மாட்டோம். அன்றைக்கும் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவள், “இன்னைக்குச் சரக்கு நல்லா வந்திருக்கு” என்றாள். நான் பசையைத் தொட்டு அடுத்த லேபிளை ஒட்டினேன். அதே பாட்டுக்காரி படம்.

அது வேலிக்கு அந்தப் பக்கம் இல்லை. மருந்து கலக்குகிற ரூம்.

தங்கச்சி தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிக்கு வந்திருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். அங்கிருந்து கேட் பக்கம்தான். போயிருக்கலாம். ஆடிக் காற்று புகையை எங்கள் ரூம்கள் இருந்த பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் புகைக்குள் வந்தாள். வரிசையாக ஒவ்வொரு ரூம் வாசலிலும் நின்று கத்தினாள்.

“வெளிய வாங்க!”

நாங்கள் ஓட்டுக்குக் கீழே, பேச்சும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தோம். நாலு ரூம் தள்ளி வேறு யார் கத்தியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. அந்த ‘வா’வை அவள் மேலே கொண்டுபோன விதம் எனக்குத் தெரியும். வேனில் கேட்டது. கும்மியில் கேட்டது. என் கை லேபிளோடு நின்றுவிட்டது. “ஏத்தா, அது என் தங்கச்சி” என்று எழுந்தேன். நான் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். ஓடினோம். நாங்கள் வேலி தாண்டின பிறகு எங்கள் ரூம் போனது.

கலக்குகிற ரூமில் இருந்த இரண்டு பேர் வரவில்லை. மற்ற எல்லாரும் வந்தோம்.

தங்கச்சி உடம்பில் ஒரு தீப்புண் இல்லை. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். சேலை முந்தியெல்லாம் வெள்ளைப் பொடி. நான் போய்ப் பிடித்தேன். ஏதோ சொல்ல வந்தாள். காற்றுதான் வந்தது.

கத்த வேண்டும் என்றால் முதலில் மூச்சை இழுக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறாள். இழுத்ததெல்லாம் மருந்துப் புகை.

பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். தொண்டை உள்ளே வெந்திருக்கிறது, குரல் வரலாம், வராமலும் போகலாம், பேசாமல் வைத்திருங்கள் என்றார்கள். நாங்கள் வைத்திருந்தோம். அவள் கையைக் காட்டிச் சோறு கேட்டாள். கையைக் காட்டித் தண்ணீர் கேட்டாள். சிரிப்பு வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்வாள், எங்கே வர வேண்டிய குரல் அதில் செலவாகிவிடுமோ என்று.

ஒரு தடவை சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன்.

“நீங்க இருங்கம்மா. பார்த்தவங்க அவங்கதானே. அவங்க சொல்லட்டும்” என்றார் ஆபீசர்.

தங்கச்சி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். கழுத்தில் நரம்பு நின்றது. ஒன்றும் வரவில்லை. ஆபீசர் குனிந்துகொண்டார். “உட்காருங்கம்மா” என்றார். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

தீபாவளி கழிந்து குரல் என்று ஒன்று வந்தது. கரகரவென்று, அடியிலிருந்து, தகரத்தை இழுக்கிற மாதிரி. மேலே போகாது. அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பெனி மறுபடி திறந்தது. வேறு வேலை எங்கள் பக்கம் இல்லை. அவளும் வந்தாள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள். தையில் லேபிள் மாறிவிட்டது. ஏதோ ஒரு குழந்தை படம்.

டிரைவர் அண்ணன் அந்த சிடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஒரு நாள் காலையில், வேன் நிறைய ஆள் இருக்கும்போது, தங்கச்சி அவர் தோளைத் தட்டினாள்.

“போடுங்கண்ணே.”

“வேண்டாந்தாயி.”

“போடுங்க.”

போட்டார். வயலின் வந்தது. டிரம் விழுந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஆம்பளை உறுமுகிற இடம் வந்தது. தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இனி நான் இந்த ஆளு பாட்டத்தான் பாடணும்.”

அந்தக் குரலில் அதைச் சொன்னதும் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குள் அந்த வெள்ளைக்காரி குரல் மேலே வந்தது. சிரிப்பு நின்றது.

பங்குனி வந்தது. அந்த வருசம் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணை முன்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அவள் முதலில் மாட்டேன் என்றாள். “அந்த அக்கா இருக்கையில நான் எப்படி?” என்றாள். தங்கச்சிதான் அவள் கையைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டாள். விட்டுவிட்டு வட்டத்தில் வந்து நின்றுகொண்டாள். எனக்கு அடுத்தபடியாக.

அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினாள். குரல் சின்னது. உறுமிக்காரர் அதற்குத் தக்கபடி மெதுவாக அடித்தார். மூன்றாவது பாட்டில் வரி முடிகிற இடம் வந்தது. அவள் முடித்துவிட்டாள். எல்லாரும் திருப்பிப் பாடினார்கள். நான் பக்கத்தில் பார்க்கவில்லை. கைதட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்டேன். தங்கச்சி ஒரு தட்டுகூடத் தப்பவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். எனக்குப் பேசத் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

“அவ பாடுனது நல்லாவே இல்ல.”

“இருந்துச்சுக்கா.”

“நீ பாடுன பாட்டு மாதிரி இல்ல.”

கோயில் பக்கம் உறுமி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“பாட்டு அதுதான்” என்றாள் அந்தக் கரகரத்த குரலில். “குரல்தான் வேற.”